மீண்டும் அதே மண்ணுக்கு

நமக்குத் தீங்கு செய்தவரைத் தொலைவில் இருந்தபடி மன்னிப்பது ஓரளவு எளிது. அவர் வாழும் இடத்திற்கே திரும்பிச் சென்று, கசப்பின்றித் தொண்டாற்றுவதோ மிகவும் அரிது. சிலுவையில் அறையப்பட்ட வேளையிலும் தம்மைத் துன்புறுத்தியவர்களுக்காகப் பிரார்த்தித்த இயேசுபிரானே கிறிஸ்தவ மரபில் மன்னிப்பின் இலக்கணம். அந்த இலக்கணப்படி தமிழ் மண்ணில் வாழ்ந்து காட்டியவர் அருளானந்தர் என்று அழைக்கப்படும் புனித ஜான் டி பிரிட்டோ.

1647 மார்ச் 1 அன்று போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்த அவர், அரண்மனையில் இளவரசர் பேத்ருவின் தோழராக வளர்ந்தார். 15 வயதில் இயேசு சபையில் சேர்ந்தார். 1673-இல் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டே இந்தியாவிற்குக் கப்பலேறினார். மதுரைப் பணித்தளத்தில் தமிழ் கற்று, துறவுக்கோலம் பூண்டு, புலால் நீக்கிப் பண்டார சுவாமியாக ஊர் ஊராக நடந்தார்.

1686-இல் மறவர் நாட்டில் அவரும் அவருடைய துணைவர்களும் பிடிபட்டனர். விலங்கிடப்பட்டுக் கடுமையாகத் துன்புறுத்தப்பட்டனர். இறுதியில் ரகுநாத கிழவன் சேதுபதி, தமது நாட்டில் இனி போதிக்கலாகாது என எச்சரித்து விடுவித்தார்.

பின்னர் சபைப் பணிக்காக அவர் லிஸ்பன் சென்றார். பழைய தோழர் பேத்ரு அப்போது அரசர். தம் மகனுக்கு ஆசானாக அங்கேயே தங்கும்படி அவரை வேண்டினார். வதைபட்ட உடலுக்கு ஓய்வும் மதிப்பும் காத்திருந்தன. ஆயினும் அருளானந்தர் 1690-இல் இந்தியா திரும்பினார். மறவர் நாட்டிற்கே மீண்டும் சென்றார். தம்மை வதைத்த மண்ணை அவர் வெறுக்கவில்லை.

அங்கே தடியத்தேவர் என்ற சிற்றரசர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காகப் பல மனைவியருள் ஒருவரை மட்டுமே வைத்துக்கொண்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவினர். அந்த அம்மையாரின் துயரம் பொய்யானதன்று. அவருக்கு நேர்ந்த இழப்பு உண்மையானது. ஆனால் ஆறாத காயம் சினமாயிற்று. அச்சினம் அரண்மனையை எட்டியது. அருளானந்தர் 1693 ஜனவரியில் சிறைப்பட்டு ஓரியூருக்கு அனுப்பப்பட்டார்.

சாவின் முந்நாளில் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் மேலோங்கி நிற்பது மகிழ்ச்சியே. பிப்ரவரி 4 அன்று, தம் தலையை வெட்ட வந்தவரை அவர் அன்போடு தழுவிக்கொண்டார் என்பது மரபு. 1947-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

மன்னிப்பு அவர் உயிரைக் காக்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும். நாம் மன்னித்தால் எதிரி திருந்துவார், நமக்கு நன்மை விளையும் என்று கணக்கிட்டால் அது வாணிபம். காயம் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கைமாறிக்கொண்டே செல்லும் இயல்புடையது. அதை வாங்கி, பிறருக்குத் தராமல் தம்மிடமே முடித்துக்கொள்பவர் ஒருவராவது வேண்டும். ஓரியூரில் அருளானந்தர் அப்படி ஒருவராக நின்றார்.

நாம் செல்ல மறுக்கும் வீடு எது? பேச மறுக்கும் உறவு எது? இன்றைய பிரார்த்தனையில் அந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்வோமாக.