பரிசு வாங்காதவரைத் தேடிப் பிடித்த மகாராஜா

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், ஆனால் தயவுசெய்து கான்கிரீட், கம்ப்யூட்டர் என்று ஆரம்பித்துவிடாதே என்று மலர்க் குழுவினர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்கள். எனவே, நண்பர்களே, இம்முறை ஒரு மகாராஜாவின் கதை. இந்த மகாராஜா யானை மேல் வருபவர் மட்டும் அல்ல. பியானோ முன்னால் உட்கார்ந்து ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தவர்!

ஜெயசாமராஜ உடையார். மைசூர் சமஸ்தானத்தின் கடைசி மன்னர். 1964 முதல் 1966 வரை நம் மாநிலத்தின் கவர்னராகக் கிண்டி ராஜ்பவனில் இருந்தவர். கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கு இன்னொரு அறிமுகமும் போதும். கம்பீர நாட்டை ராகத்தில் 'ஸ்ரீ ஜாலந்தரம்' என்று பாடுகிறார்களே, அது இவருடைய கிருதி.

நான் பிரம்மதேசத்துக்காரன். மரக்காணம் உப்பளங்கள் எங்களுக்குப் பக்கம். அந்தக் கடற்கரைக் காற்றில் ஜன்னல் கம்பியே சீக்கிரம் துருப்பிடித்து உதிரும். ஒரு பியானோவுக்குள் இருநூறுக்கும் மேற்பட்ட எஃகுத் தந்திகள் உண்டு. எல்லாம் சேர்ந்து இழுக்கும் இழுவிசை பல டன். அதைத் தாங்கத்தான் உள்ளே வார்ப்பிரும்புச் சட்டம் வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சாமானை எங்கள் பக்கம் யார் கொண்டுவந்து வைப்பார்கள்? ஆகவே பியானோவைப் பற்றி நான் தெரிந்துகொண்டதெல்லாம் வேலைக்குப் போன பிறகு, படித்தும் கேட்டும்தான். அப்படிக் கேட்டுக்கொண்டு போகும்போது வழியில் கிடைத்தவர் இந்த மகாராஜா.

அவர் பிறந்தது 1919 ஜூலை 18. அப்பா யுவராஜா. பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையார்தான் மன்னர். மைசூர் அரண்மனையில் வீணையும் உண்டு, மேற்கத்திய பேண்டும் உண்டு. இரண்டையும் கேட்டு வளர்ந்த பையன், 1938-ல் மைசூர் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். மனசுக்குள் இருந்த ஆசை, மேடையில் பியானோ வாசிக்கும் கலைஞனாக வேண்டும் என்பது.

நடந்ததோ வேறு. 1940 மார்ச்சில் அப்பா காலமானார். அதே வருஷம் ஆகஸ்டில் பெரியப்பாவும் போய்விட்டார். செப்டம்பரில் பட்டாபிஷேகம். வயது 21. நாம் அந்த வயதில் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிப் பழகிக்கொண்டிருந்தோம். அவர் தலையில் ஒரு சமஸ்தானமே வந்து இறங்கியது. பியானோ மேடைக் கனவு அன்றோடு சரி.

ஆனால் சங்கீதத்தை அவர் விடவில்லை. ராஜ்ய வேலைக்கு நடுவிலும் பியானோவைத் தொடர்ந்து, லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளியின் லைசென்ஷியேட் பட்டம் வாங்கினார். 1945-ல் லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி கௌரவ ஃபெல்லோ ஆக்கியது. நம் குழந்தைகள் கீபோர்டு கிரேடு பரீட்சை எழுதுகிறார்களே, அந்தப் பரீட்சைக்கும் வேர் இதே டிரினிட்டிதான். இன்னொரு பக்கம் மைசூர் வாசுதேவாச்சாரியாரிடம் கர்நாடக சங்கீதம் பயின்று, 'ஸ்ரீவித்யா' முத்திரையோடு 94 கிருதிகளை இயற்றினார். சாதாரணமாக ஒருவர் ஒரு குதிரையில் சவாரி செய்யவே சிரமப்படுவார். இவர் இரண்டிலும் போனார்.

இந்த இடத்தில் கதையை ரஷ்யாவுக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. மகாராஜா பிறப்பதற்கு 29 வருஷம் முன்னால் நடந்த விஷயம் இது. அன்டன் ரூபின்ஸ்டைன் என்ற மாபெரும் ரஷ்யப் பியானோ கலைஞர் இளைஞர்களுக்காக ஒரு சர்வதேசப் போட்டி ஏற்படுத்தினார். முதல் போட்டி 1890-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் பெர்லின், வியன்னா, பாரிஸ், திரும்பவும் பீட்டர்ஸ்பர்க் என்று 1910 வரை நடந்தது. எந்த தேசத்தவரும் வரலாம். வயது 20-லிருந்து 26-க்குள் இருக்க வேண்டும். ஆண்கள் மட்டும்! பியானோ வாசிப்புக்கு ஒரு பரிசு, இசை இயற்றுவதற்கு ஒரு பரிசு. இன்று உலகம் முழுக்க நடக்கும் பியானோ போட்டிகளுக்கெல்லாம் இதை முன்னோடி என்று சொல்லலாம்.

இதில் தோற்றவர்கள் பட்டியல் ரொம்ப சுவாரஸ்யமானது. 1905-ல் பாரிஸில் பியானோப் பரிசை வாங்கியவர் வில்ஹெல்ம் பாக்ஹவுஸ். வெறுங்கையோடு திரும்பியவர் பேலா பார்டோக். பின்னாளில் இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த இசையமைப்பாளர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கினாரே, அதே பார்டோக்!

1900-ல் வியன்னாவில் நடந்த போட்டிக்கு மாஸ்கோவிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் வந்தான். நிகோலாய் மெட்னர். பரிசு பெல்ஜியத்துக்காரர் எமில் போஸ்கேவுக்குப் போயிற்று. மெட்னருக்குக் கிடைத்தது கௌரவக் குறிப்பு மட்டும். அதாவது நம்ம பாஷையில் ஆறுதல் பரிசு. ஊர் ஊராகப் போய்க் கச்சேரி செய்ய ஏற்பாடு நடந்தும், அவர் அதை உதறிவிட்டு இசை இயற்றவே உட்கார்ந்துவிட்டார். 1921-ல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து, 1935-ல் லண்டனில் குடியேறினார். காலத்துக்கு ஏற்ற புது மோஸ்தர் இசை அவருக்குப் பிடிக்கவில்லை. காலத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அப்புறம் உலக யுத்தம், குண்டுவீச்சு, மாரடைப்பு... கேட்பார் இல்லாமல் கிடந்தார் மனிதர்.

அப்போதுதான் மைசூரிலிருந்து கடிதம் போகிறது. யுத்தம் முடிந்த கையோடு, மெட்னரின் இசையை அவரே வாசித்து ரிக்கார்டு செய்ய வேண்டும், செலவு என்னுடையது என்று மகாராஜா ஏற்பாடு செய்தார். இதற்கென்றே மெட்னர் சொசைட்டி என்று ஒன்றை நிறுவினார். 1947-ல் பில்ஹார்மோனியா ஆர்க்கெஸ்ட்ராவோடு மெட்னர் தன் மூன்று பியானோ கன்சர்ட்டோக்களையும் பதிவு செய்தார். கன்சர்ட்டோ என்றால் பியானோவும் முழு வாத்தியக் கோஷ்டியும் சேர்ந்து வாசிக்கும் பெரிய உருப்படி. அன்றைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நாலு, நாலரை நிமிஷம்தான் பிடிக்கும். அரைமணி நேரம் ஓடும் உருப்படியைத் துண்டு துண்டாக வாசித்து, ஒவ்வொரு துண்டும் ஒரே வேகம், ஒரே பாவத்தில் ஒட்ட வேண்டும். இருதயம் பலவீனமான 67 வயதுக்காரர் அதைச் செய்து முடித்தார்.

மூன்றாவது கன்சர்ட்டோவை மெட்னர் மைசூர் மகாராஜாவுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். 1951-ல் அவர் மறைந்தார். அந்தப் பதிவுகள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. வியன்னாவில் நடுவர்கள் அன்று கேட்டது காற்றோடு போயிற்று. மைசூர் மன்னர் கேட்க விரும்பியது நிலைத்துவிட்டது.

மகாராஜாவின் உதவி இதோடு நிற்கவில்லை. 1948-ல் பில்ஹார்மோனியா கச்சேரி சங்கத்தின் முதல் தலைவர் ஆனார். ரிச்சர்ட் ஸ்டிராஸ் என்ற ஜெர்மன் மேதை கடைசியாக எழுதிய நான்கு பாடல்கள், அவர் இறந்த மறு வருஷம், 1950 மே மாதம், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக அரங்கேறின. அந்தக் கச்சேரியின் செலவுக்குக் கை கொடுத்தவரும் இவரே.

அரண்மனைப் பணம் என்றாலும் அது ஊர்ப் பணம்தானே, லண்டன் கச்சேரிக்கு ஏன் போக வேண்டும் என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். தேசம் சுதந்திரம் வாங்கிக்கொண்டிருந்த நேரம் வேறு. 1947-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. அவர் ராஜபிரமுகர் ஆனார், பிறகு மைசூர் கவர்னர், அப்புறம் நம்மூர் கவர்னர். 1974 செப்டம்பர் 23-ல், 55 வயதில் காலமானார். பட்டமும் பதவியும் போன பிறகு அவர் பெயரைச் சொல்ல மிஞ்சியவை 94 கிருதிகளும் ஒரு ரஷ்யக் கிழவரின் இசைத்தட்டுகளும் என்று எனக்குத் தோன்றுகிறது. தனக்குக் கிடைக்காத மேடையை இன்னொருவருக்குப் போட்டுக் கொடுத்தவர். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

நண்பர்களே, நம் கல்லூரியிலும் பல வியன்னாக்கள் நடந்தன. ரேங்க் பட்டியல், கேம்பஸ் லிஸ்ட், ஒரு அரியர், இரண்டு அரியர் என்று இருபத்தொரு வயதில் நம்மை வரிசையாக நிறுத்தி முத்திரை குத்தினார்கள். லிஸ்டில் வராத சிலர் இந்த ஒன்றுகூடலுக்கே வருவதில்லை. கவனித்திருப்பீர்கள். முதல் மார்க் வாங்கிய மாணவனுக்கு மெடல் கொடுப்பது நல்ல காரியம்தான், தொடரட்டும். கூடவே ஒரு சிறு நிதி, லிஸ்டில் வராத ஆனால் கையில் சரக்குள்ள ஜூனியர்களுக்காக ஒதுக்கினால் என்ன? ஒரு வேலையைச் செய்து காட்ட ஒரு வாய்ப்பு, அதற்கான செலவு, பொறுமையாகக் கேட்க நம்மில் ஒரு ஆள். அவ்வளவுதான் வேண்டியது.

அதற்கு நாம் மகாராஜாவாக இருக்க வேண்டியதில்லை. பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர நான் பெயர் கொடுத்திருக்கிறேன். வழிமொழிய ஆட்கள் தேவை!