ஏழைகளின் வக்கீல் வ.உ.சி.

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்றதும் நம் மாணவர்களுக்குக் கப்பல் நினைவுக்கு வரும். அடுத்து, சிறையில் இழுத்த செக்கு. தேர்வுக்கு அது போதும். ஆனால், கப்பல் வாங்குவதற்கு முன்பே பத்தாண்டுக்கு மேல் அவர் குற்றவியல் வழக்கறிஞராக இருந்தார். தெப்ராவ் வட்டாரத்தில் படித்துக்கொண்டு, சட்டத்துறைக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்கும் மாணவர்களுக்கு அந்த வ.உ.சி.யைத்தான் முதலில் அறிமுகப்படுத்த வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையின் ஒட்டப்பிடாரத்தில் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளையும் வழக்கறிஞரே. வசதியுள்ளவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். மகனோ திருச்சியில் சட்டம் படித்துத் தேறி, 1895இல் சொந்த ஊரில் தொழில் தொடங்கியதும் எதிர்ப்பக்கம் போய் நின்றார். ஏழைகளின் வழக்குகளைக் கட்டணம் வாங்காமலேயே நடத்தினார். சில வழக்குகளில் தந்தை ஒரு தரப்பு, மகன் மறு தரப்பு!

அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய உதவி என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். போலீஸ் ஒருவர் மேல் வழக்குப் போட்டால், அரசாங்கச் செலவில் அவருக்கு வக்கீல் வைக்கும் ஏற்பாடு கீழ் நீதிமன்றங்களில் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஓர் உழவர், சாட்சியை எப்படிக் குறுக்கு விசாரணை செய்வார்? குற்றப்பத்திரிகையில் இருப்பதே அவருக்குப் புரியாது. சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். அதைப் பேசத் தெரிந்தவரை அமர்த்தக் காசு வேண்டும், அவ்வளவே. இன்று மலேசியாவில் கைது செய்யப்படும் குடிமக்களுக்கு உதவ தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது. அதுகூட 2012இல்தான் செயல்படத் தொடங்கியது.

போலீஸ் ஜோடித்த வழக்குகளை வ.உ.சி. உடைத்தார். லஞ்சம் வாங்கிய துணை மாஜிஸ்திரேட்டுகளின் குற்றத்தையும் நிரூபித்தார். அதிகாரிகள் சும்மா இருப்பார்களா? மகனுக்கு ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று தந்தை அஞ்சினார். 1900இல் வ.உ.சி. தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய கதையை நீங்கள் அறிவீர்கள். 1908 பிப்ரவரியில் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுக்குத் துணை நின்றார். கூலி உயர்ந்தது, வார விடுமுறையும் கிடைத்தது. சில நாள்களில், மார்ச் 12இல், அவரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள்.

இத்தனை பேருக்காக வாதாடியவர், இப்போது தாமே குற்றவாளிக் கூண்டில். ராஜத் துரோகமாகப் பேசியதற்கு 20 ஆண்டு, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இன்னொரு 20 ஆண்டு நாடு கடத்தல் என்று நீதிபதி பின்ஹே ஜூலை 7ஆம் நாள் தீர்ப்பளித்தார். பேச்சுக்கு 40 ஆண்டு! சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்த பிறகு அது 6 ஆண்டாகக் குறைந்தது. மேல்முறையீடு வரை போக ஆளும் பணமும் இல்லாதவருக்கு, முதல் தீர்ப்பே கடைசித் தீர்ப்பாக இருந்திருக்கும்.

கோயம்புத்தூர் சிறையில் செக்கிழுத்தார். அங்கிருந்தும் சட்ட நுணுக்கம் பேசும் மனுக்களை எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். கண்ணனூர் சிறையிலிருந்து 1912 டிசம்பரில் விடுதலையானபோது வரவேற்கக் கூட்டம் இல்லை. கப்பல் கம்பெனியும் மூடப்பட்டுவிட்டது. எல்லாவற்றையும்விட, வக்கீல் தொழில் செய்வதற்கான சன்னது பறிக்கப்பட்டிருந்தது. வாதாடிப் பிழைத்தவர் சென்னையில் மண்ணெண்ணெய் விற்றுக் குடும்பம் நடத்தினார்.

அப்போது கை கொடுத்தவர்களில் கடல் கடந்த தமிழர்களும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வேதியப்பிள்ளை பணம் அனுப்பினார். அந்த நன்றியில் வ.உ.சி. தம் மகளுக்கு வேதவல்லி என்று பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அவருக்காகத் திரட்டி காந்தியிடம் கொடுத்த தொகை, பல கடிதங்கள் எழுதிய பின் 1916இல்தான் அவர் கைக்கு வந்தது. அது 347 ரூபாய்ச் சொச்சம். முகம் பார்க்காத ஒருவருக்காக தூரத்திலிருந்து திரட்டிய உதவி என்பதால், அந்தத் தொகையைச் சிறியதென்று சொல்ல மனம் வரவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் முயற்சியால் சன்னது திரும்பக் கிடைத்தது. வெள்ளையர் ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர், அந்த வெள்ளையரின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் மறுபடியும் கறுப்பு அங்கி அணிந்தார். பிறகு தூத்துக்குடிக்கே திரும்பினார்.

1936 நவம்பர் 18இல் அங்கே காலமானார். அதற்கு முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தர வேண்டிய பாக்கிகளையும் ஒன்றுவிடாமல் குறித்து வைத்திருந்தார்.