நாட்குறிப்பு வேந்தர் ஆனந்தரங்கர்

செஞ்சி வட்டாரத்து மலைகளினின்று இறங்கும் சங்கராபரணி ஆறு, புதுவைக்குத் தெற்கே கடலொடு கலக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் அவ்வாற்றின் இரு முனைகளிலும் போர்த்தீ மூண்டது. அதனை அருகிருந்து எழுதிவைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

இவர் 1709-ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தார். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை. வாணிகத்தின் பொருட்டு அக்குடும்பம் புதுவையிற் குடியேறிற்று. ஆனந்தரங்கர் பன்மொழிப் பயிற்சியாலும் வாணிகத் திறத்தாலும் உயர்ந்து, 1747-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் தலைமைத் துபாசியானார். 1736 முதல் தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தமிழில் எழுதிவந்தார்.

1746-இல் பிரெஞ்சுக் கடற்படை சென்னையைக் குண்டெறிந்து கைப்பற்றியது. தாம் பிறந்த மண்ணைத் தம் தலைவரின் படையே தாக்கிய செய்தியை ஆனந்தரங்கர் எழுத நேர்ந்தது. ஈராண்டில் வினை திரும்பிற்று. 1748-இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்காவன் புதுவையை முற்றுகையிட்டார். கப்பற் பீரங்கிகள் ஊரை நோக்கி முழங்கின. அவற்றால் மாண்டவள் தெருவிலிருந்த ஏழைத் தமிழ்க் கிழவி ஒருத்தியே என்பர் ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம். அவள் பெயரை அவர் குறித்தாரல்லர்.

குடிகளை அஞ்சுவித்தாற் கோட்டை விரைவிற் பணியும் என்று படைத்தலைவர் கருதுவதுண்டு. புதுவையோ பணியவில்லை. பாஸ்காவன் முற்றுகையை விட்டு நீங்கினார்.

1750-இல் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையை இரவில் தாக்கி வென்றார். அங்கே எதிர்த்து நின்றோர் படைக்கலம் ஏந்திய வீரர். கோட்டை மதில் போருக்கென எழுந்தது. குடியின் கூரையோ வெயிலுக்கும் மழைக்கும் வேயப்பட்டது. இவ்வேற்றுமையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு எய்யுமுன், பெண்டிரும் பிணியுடையோரும் அரண் சேருமாறு அறிவித்தான் எனப் புறநானூறு கூறும்.

1760-இல் புதுவை மீண்டும் முற்றுகைக்குள்ளாயிற்று. உணவு குறையவே, பிரெஞ்சுத் தளபதி லாலி ஏறத்தாழ 1,400 தமிழ்க்குடிகளை நகரினின்று வெளியேற்றினார். ஆங்கிலேயரோ அவர்களுக்கு வழிவிடவில்லை. இரு படைகளுக்கும் இடையே அவர்கள் புல்லும் வேரும் தின்று பல நாள் வாடினர். பின்னரே ஆங்கிலேயத் தளபதி கூட் இரங்கி வழிவிட்டார்.

1761, சனவரி 12-ஆம் நாள் ஆனந்தரங்கர் மறைந்தார். நான்கு நாளிற் புதுவை வீழ்ந்தது. வென்றவர் அதனை இடித்துத் தள்ளினர். ஏப்பிரலிற் செஞ்சியும் பணிந்தது.

1945-இல் ஹிரோஷிமாவை ஒரே குண்டு எரித்தது. குடிமக்களைத் தாக்குதலின் இலக்காக்கலாகாது என்னும் நெறி 1977-ஆம் ஆண்டின் உலக உடன்படிக்கையில் எழுத்து வடிவம் பெற்றது. மாண்டவர் ஒருவராயினும் ஓர் ஊராராயினும், படைக்கலம் ஏந்தாதாரை அறிந்தே கொல்லுதல் வீரமாகாது. ஆனந்தரங்கர் வாழ்ந்த காலத்தின் வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.