தப்பான விடையை அச்சிட்டவர்

வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று துணிந்தவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன். 1881-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆயுதம் தொடாத குவேக்கர். முதல் உலகப் போரில், பிரான்ஸில் ஆம்புலன்ஸ் ஓட்டிய நாட்களில், 1910 மே 20-ன் ஆறு மணி நேர வானிலையைக் கையாலேயே கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. அன்றைக்கு அது ஏறக்குறைய அசையவே இல்லை!

1920-ல் வானிலைத் துறை விமான அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையை உதறினார். 1922-ல் அந்தத் தப்பான விடையை மறைக்காமல் புத்தகமாகவே போட்டார். 64,000 பேர் ஒரே அரங்கில் உட்கார்ந்து உலக வானிலையைப் பங்குபோட்டுக் கணக்கிடும் கற்பனையும் அதில் உண்டு. சூப்பர் கம்ப்யூட்டர் செய்வதும் அதேதான்.

1950-ல் எனியாக் கணினி அந்த வழியில் ஜெயித்ததைப் பார்த்துவிட்டு, 1953-ல் மறைந்தார். சரிவராத ரன்னைச் சத்தமில்லாமல் அழித்துவிடுகிற நாம், அவரை ஒரு நிமிஷம் நினைக்கலாமே!