நெசவாலைச் சிறுமி மேரி ஸ்லெசர்

ஆண்டவர் தம் பணிக்கு ஆட்களைத் தெரிந்தெடுக்கும் விதம் மனிதர் எதிர்பார்க்கும் விதமன்று. திக்குவாயரான மோசேயையும் ஆடு மேய்த்த கடைக்குட்டி தாவீதையும் பற்றி நாம் வேதபாட வகுப்பில் படித்திருக்கிறோம். அத்தகைய தெரிவு வேதாகம காலத்தோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு மேரி ஸ்லெசர் அம்மையாரின் வாழ்வு சான்றாகும்.

மேரி 1848 டிசெம்பர் 2ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தை சப்பாத்துத் தைப்பவர்; குடிக்கு அடிமையானவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் டண்டி நகருக்குச் சென்றது. 11 வயதில் மேரி அங்குள்ள நெசவாலையில் சேர்ந்தார். அரை நாள் வேலை, அரை நாள் ஆலைப் பாடசாலை. 14 வயதளவில் முழுநேரத் தொழிலாளியானார். தறியிலே புத்தகத்தைச் சாய்த்து வைத்து, வேலைக்கிடையில் படித்தார். தந்தை குடித்துவிட்டு வரும் இரவுகளில் வீட்டிலிருந்து துரத்தப்பட்டுத் தெருவில் நின்றதும் உண்டு.

அந்த வீட்டில் மிஷனரியாவார் எனத் தாய் எண்ணியிருந்தது மூத்த மகன் ரொபர்ட்டையே. அவர் இளமையில் இறந்துபோனார். மேரியோ மிகுந்த கூச்சமுள்ளவர். மாடு நிற்கும் வயலைக் கடக்கவும் ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் பேசவும் அஞ்சியவர். ஆனாலும் டண்டியின் சேரிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு பாடசாலை நடத்தினார். ஒருமுறை முரட்டு இளைஞர் கூட்டமொன்று கயிற்றிற் கட்டிய ஈயக்குண்டை அவர் முகத்தருகே சுழற்றி மிரட்டியது. அவர் அசையாது நின்றார். இறுதியில் அவர்களே அவரது வகுப்புக்கு வந்தார்கள்.

டேவிட் லிவிங்ஸ்டனின் மரணச் செய்தி ஸ்கொட்லாந்தை உலுக்கிய காலத்தில் மேரி மிஷன் சபைக்கு விண்ணப்பித்தார். 1876 ஓகஸ்ட் 5ஆம் திகதி, தம் 27ஆம் வயதில், இன்றைய நைஜீரியாவிலுள்ள கலபாருக்குக் கப்பலேறினார். எபிக் மொழியை அந்நாட்டவர் போலவே பேசக் கற்றார். மண் வீட்டில் வாழ்ந்து, அவ்வூர் உணவையே உண்டு, மிச்சம்பிடித்த பணத்தைத் தாய்க்கு அனுப்பினார்.

அங்கே இரட்டைப் பிள்ளைகள் பிறந்தால் ஒன்று தீய ஆவிக்குரியது என நம்பி, இரண்டையும் கொன்று, தாயையும் காட்டுக்குத் துரத்தும் வழக்கம் இருந்தது. மேரி அக்குழந்தைகளைத் தேடி எடுத்து வந்து வளர்த்தார். அவர்களுள் ஜேனி என்பவள் அவருக்கு மகளாகவே வாழ்ந்தாள். 1888இல், அந்நியரை ஏற்காத ஒகோயோங் மக்களிடையே தனியே குடியேறினார். குற்றம் சாட்டப்பட்டவருக்கு விஷ அவரை கொடுத்துச் சோதிக்கும் முறைக்கும், தலைவர் இறந்தால் அடிமைகளைக் கொல்லும் வழக்கத்துக்கும் எதிராக நின்றார். வெறிகொண்ட ஆண்களுக்கும் அவர்களிடம் அகப்பட்டவர்களுக்கும் நடுவே இரவு பகலாக அமர்ந்து உயிர்களைக் காத்தார்.

இதற்கான விலையும் பெரிது. காய்ச்சல் அவரை ஓயாது வருத்தியது. தாயும் கடைசிச் சகோதரியும் சில மாத இடைவெளியில் இறந்தபோது அவர் அருகில் இல்லை. சார்ள்ஸ் மொரிசன் என்னும் மிஷன் ஆசிரியருக்கு அவர் நிச்சயிக்கப்பட்டிருந்தார். மொரிசன் ஒகோயோங்குக்கு வர மிஷன் சபை அனுமதிக்கவில்லை. மேரி அவ்விடத்தை விட்டுச் செல்ல இணங்கவில்லை. அத்திருமணம் நடைபெறவேயில்லை.

பின்னர் அரசாங்கம் அவரை அப்பகுதியின் நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்க நியமித்தது. ஆலைப் பாடசாலையில் படித்த பெண் நீதியாசனத்தில் அமர்ந்து, கைவிடப்பட்ட மனைவியரின் வழக்குகளைக் கேட்டார். 1915 ஜனவரி 13ஆம் திகதி, 66ஆம் வயதில், தாம் வளர்த்த பெண்கள் சூழ்ந்திருக்க உயிர்நீத்தார். கலபார் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

மேரியின் குறைகளைப் பாராமல் ஆண்டவர் அவரைத் தெரிந்தெடுத்தார் என்று சொல்வது போதாது. குடிகாரத் தந்தையின் வீட்டில் வளர்ந்தவருக்குக் குடிவெறி கொண்ட தலைவரின் முன் நிற்கத் தெரிந்திருந்தது. தெருவில் நின்ற சிறுமிக்குத் துரத்தப்பட்ட தாயின் துயரம் விளங்கியது. உலகம் குறையென்று கண்ட அனுபவங்களையே ஆண்டவர் அவருக்குப் பயிற்சியாக்கினார். அவருடைய அச்சம் அவரை விட்டு முற்றாக நீங்கவில்லை. அஞ்சியபடியே அவர் முன்சென்றார்.

சகோதரிகளே, இந்த நூறு ஆண்டுகளில் எம் கல்லூரி வாசலைக் கடந்து சென்ற எல்லோரும் பரிசளிப்பு மேடை ஏறியவர்கள் அல்லர். கடைசி வாங்கில் அமர்ந்து, பெயர் கூப்பிடப்படாமலே சென்றவர்கள் பலர். அவர்களுள் நோயாளரைப் பராமரிப்பவர்களும், பிறர் பிள்ளைகளை வளர்ப்பவர்களும், அகதியாய்ச் சென்ற நாட்டில் குடும்பத்தைத் தாங்கியவர்களும் உள்ளனர். நூற்றாண்டு விழாவில் சாதனையாளரைக் கௌரவிக்கும் நாம், அவர்களையும் தேடி அழைப்போமாக. ஆண்டவர் யாரைத் தெரிந்தெடுத்தார் என்பது எமது தேர்ச்சி அறிக்கைகளில் எழுதப்பட்டிருக்கவில்லை.