மேஜர் ரொஜர்ஸும் நமது யானைகளும்

யானைகளைக் கொன்றதற்காகவே பெயர் பெற்ற ஒருவர் இலங்கை வரலாற்றில் உண்டு. அவர் மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ். பிரித்தானியர் ஆட்சியில் பதுளையில் படை அதிகாரியாகவும் உதவி அரசாங்க அதிபராகவும் கடமையாற்றியவர். ஊவாவின் மலைப் பாதைகளைத் திருத்தியதில் அவருக்குப் பங்குண்டு. நிர்வாகத்தில் திறமைசாலி என்ற நற்பெயரும் இருந்தது. ஆனால் அவரது துப்பாக்கிக்கு இரையான யானைகள் 1400 இற்கும் அதிகம் என்பதே இன்று நினைவில் நிற்கிறது.

இலங்கை யானைகளில் தந்தமுள்ளவை மிகச் சிலவே. எனவே கொல்லப்பட்டவற்றில் பெரும்பாலானவை தந்தத்துக்காக வீழ்ந்தவை அல்ல. வீரம் காட்டும் விளையாட்டுக்காக வீழ்ந்தவையே. வீதி அமைத்த மேஜர் ஸ்கின்னரும் நூற்றுக்கணக்கில் யானைகளைக் கொன்றவர். அரசும் அதனைத் தடுக்கவில்லை. வெகுமதி கொடுத்து ஊக்குவித்தது. 1848 இற்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3500 யானைகளுக்கு அவ்வெகுமதி கோரப்பட்டது.

அதே காலத்தில், முஸ்லிம்களிடையே பணிக்கர் எனப்பட்டோர் தோல் கயிற்றுச் சுருக்கை யானையின் பின்காலில் மாட்டி அதனை உயிருடன் பிடித்தனர். அதுவும் வேட்டைதான். எனினும் துணிவுக்குத் துப்பாக்கி அவசியமில்லை என்பதை அது உணர்த்தியது.

1845 ஜூன் மாதம் ஹப்புத்தளை தங்குமனையில் மின்னல் தாக்கி ரொஜர்ஸ் மாண்டார். அப்போது அவருக்கு 41 வயது. நுவரெலியாவிலுள்ள அவரது கல்லறையையும் மின்னல் விட்டுவைக்கவில்லை என மக்கள் பேசிக்கொள்வர். அதனை யானைகளின் சாபம் என்போரும் உளர். நாம் அவ்வாறு தீர்ப்புக் கூற முற்படவில்லை. கொலையைச் சேவையாகக் கருதிய ஆட்சியே இங்கு விசாரிக்கப்பட வேண்டியது.

1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அம்பாறையில் கல்லோயா, லாகுகல தேசியப் பூங்காக்கள் அமைந்தன. ஆயினும் சாவு ஓயவில்லை. 2023 இல் மாத்திரம் நாட்டில் 400 இற்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. நூற்றுக்கும் மேற்பட்ட மனிதரும் பலியாயினர். எமது மாவட்டத்தில் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு யானைகள் மடிந்ததை 2022 இல் உலகமே அறிந்தது.

வினாயகபுரம் முதல் கல்முனை வரையுள்ள விவசாயி ரொஜர்ஸ் அல்லன். அவன் விளையாட்டுக்காக யானையை எதிர்ப்பதில்லை. ஒரு போக விளைச்சலை ஓரிரவில் இழப்பவன் அவன். சட்டவிரோத மின்கம்பியும் வாய்வெடியும் அவனுக்கு விமோசனம் தரா. அறுவடைக் காலத்துக்கு முன்னரே பராமரிக்கப்படும் மின்வேலி, தாமதமற்ற நட்டஈடு, யானைகள் புக முடியாத குப்பை முகாமைத்துவம் என்பவையே தேவை. அன்று யானையைக் கொல்ல அரசு பணம் ஒதுக்கியது. இன்று யானையையும் விவசாயியையும் காக்க அப்பணத்தை ஒதுக்குவது அரசின் கடமையாகும்.