பனிப்புயலை எதிர்கொண்டு சென்றவர்

மார்கழியும் தையும் வந்துவிட்டால் நம் விடுதியில் தமிழ் மாணவர்களின் அறைகளைக் கண்டுபிடிப்பது எளிது. எந்த அறையின் சன்னல் நாள் முழுவதும் சாத்தியிருக்கிறதோ, எந்த அறையில் ஒரே ஹீட்டரைச் சுற்றி நால்வர் குந்தியிருக்கிறார்களோ, அது தமிழர் அறை. நானும் அந்த நால்வரில் ஒருவன்தான். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்குக் குளிர் என்றால் குற்றாலத்துச் சாரல்; அதற்கு மேல் ஒரு குளிர் உண்டென்று நான் நினைத்ததில்லை. வடநாட்டுக்குப் படிக்க வந்த முதல் ஆண்டில், வெப்பமானி 5 டிகிரிக்கு இறங்கிய ஒரு காலையில், ஆய்வுக்கூடத்தை மறந்து போர்வைக்குள் கிடந்தேன். குளிர்காலம் என்பது எப்படியாவது கழிக்க வேண்டிய ஒரு தண்டனை என்பதே அன்று என் எண்ணம்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பருவமாக வகுத்தபோது பனிக்கு மட்டும் முன்பனி, பின்பனி என்று இரண்டு பருவங்களைக் கொடுத்தார்கள். ஆனால் நம் நாட்டில் அன்றாடம் காணும் பனி புல் நுனியில் முத்தாக நிற்கும் பனி. வெயில் ஏறினால் மறைந்துவிடும். வானிலிருந்து பஞ்சாக இறங்கி, வேலியை மூடி, ஏரியைக் கல்லாக்கி, மாதக்கணக்கில் கிடக்கும் பனி வேறு. அத்தகைய பனி பொழியும்போது, ஊரார் கதவைத் தாழிடும் நேரத்தில், தாழைத் திறந்துகொண்டு வெளியே நடந்த ஒருவரின் வரலாற்றைச் சென்ற குளிர்காலத்தில் படித்தேன். அதை நண்பர்களுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசையே இக்கட்டுரை.

அவர் பெயர் ஹென்றி டேவிட் தோரோ. காந்தியடிகளின் வரலாற்றில் அவர் பெயரைக் கண்டிருப்போம். அடிமை முறைக்குத் துணைநின்ற அரசுக்கு வரி கொடுக்க மறுத்து, 1846 சூலையில் ஓர் இரவு சிறையில் இருந்தவர் அவர். அதையொட்டி அவர் எழுதிய கட்டுரை, காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது அவர் கைக்கு எட்டியது. அந்தத் தோரோவைப் பலரும் அறிவர். நான் சொல்ல விரும்புவது பனிக்காலத்துத் தோரோவை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டன் நகருக்கு அருகே, கான்கார்டு என்றொரு சிற்றூர். அங்கே 1817 சூலை 12-ஆம் நாள் தோரோ பிறந்தார். தந்தை பென்சில் செய்து விற்றவர். மகன் ஹார்வர்டில் படித்து 1837-இல் பட்டம் பெற்றார். ஊர்ப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. பிள்ளைகளைப் பிரம்பால் அடித்தே தீரவேண்டும் என்றார்கள். சில வாரங்களில் வேலையை விட்டுவிட்டார். பின்னர் அண்ணன் ஜானுடன் சேர்ந்து தாமே ஒரு பள்ளி நடத்தினார். பிள்ளைகளைக் காட்டுக்கும் ஆற்றுக்கும் அழைத்துச் சென்று பாடம் சொன்ன பள்ளி அது.

1842 சனவரியில் ஒரு பேரிடி விழுந்தது. சவரக்கத்தியால் விரலில் பட்ட சிறு காயம், அண்ணனுக்குத் தாடையை இறுக்கிக் கட்டும் வலிப்பு நோயாக முற்றியது. சில நாள்களில், தம்பியின் கைகளிலேயே ஜான் உயிர் விட்டார். அந்தத் துயரம் தோரோவைப் பல வாரம் படுக்கையில் தள்ளியது. அண்ணனோடு படகில் சென்ற ஒரு பயணத்தை நூலாக எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்குத் தனிமை வேண்டியிருந்தது. 1845 சூலை 4-ஆம் நாள், ஊரிலிருந்து சுமார் ஒன்றரை மைல் தெற்கே, வால்டன் ஏரிக்கரையில், நண்பர் எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தாமே கட்டிய குடிசையில் குடியேறினார். 10 அடி அகலம், 15 அடி நீளம், அவ்வளவே வீடு. குளிர் வருமுன் புகைபோக்கி கட்டினார். நீர் உறையும் குளிர் வந்த பின்பே சுவருக்குச் சாந்து பூசினார். இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் அங்கே வாழ்ந்தார்.

துறவி என்று அவரை எண்ணிவிட வேண்டாம். ஊருக்கு அடிக்கடி போவார். தாய் கையால் உண்பார். கவிஞர் சானிங், அறிஞர் ஆல்காட் போன்ற நண்பர்கள் ஆழ்ந்த பனியிலும் நடந்து வந்து அவர் அடுப்பருகே அமர்ந்து பேசுவார்கள். ஆனால் நாளில் நான்கு மணி நேரமாவது வெளியே நடக்காவிட்டால் அவருக்கு உடலும் உள்ளமும் துருப்பிடித்துப் போகும். மழையோ பனியோ அதற்குத் தடையில்லை. பனிப்புயலையும் மழைப்புயலையும் மேற்பார்வையிடும் அதிகாரியாகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டதாக வேடிக்கையாக எழுதியிருக்கிறார். சம்பளமில்லாத அந்த உத்தியோகத்தை அவர் ஒழுங்காகவே பார்த்தார். முழங்கால் புதையும் பனியில் பல மைல் நடந்து ஒரு குறிப்பிட்ட மரத்தைப் பார்த்து வருவார். பட்டப்பகலில் மரக்கிளையில் தூங்கிவழியும் ஆந்தையின் அருகே நின்று, அரைமணி நேரம் அதன் அரைக்கண் உறக்கத்தைக் கவனிப்பார்.

நண்பர்களே, இதுவரை சொன்னது ஒரு கவிஞனின் வாழ்க்கை போலத் தோன்றும். அறிவியல் மாணவனாகிய என்னைக் கட்டி இழுத்தது இனி வருவதுதான்.

வால்டன் ஏரிக்கு அடியே கிடையாது என்று ஊரார் நம்பி வந்தார்கள். அளந்து பார்க்கும் சிரமத்தைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. 1846-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏரி முழுவதும் உறைந்து தரைபோல் கிடந்தபோது, தோரோ திசைகாட்டியும் சங்கிலியும் தூண்டிற்கயிறும் எடுத்துக்கொண்டு அதன்மேல் நடந்தார். பனிக்கட்டியில் துளைகள் இட்டு, கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் அளந்தார். மிகுந்த ஆழம் 102 அடி. வரைபடம் தீட்டிப் பார்த்தபோது, ஏரியின் மிக நீண்ட கோடும் மிக அகன்ற கோடும் வெட்டும் இடத்திலேயே அந்த ஆழம் இருக்கக் கண்டு வியந்தார். கோடையில் படகில் தள்ளாடிச் செய்ய வேண்டிய வேலையைக் குளிர்காலம் அவருக்கு எளிதாக்கிக் கொடுத்தது. நாம் கதவடைத்துக்கொள்ளும் பருவம் அவருக்குக் கதவு திறக்கும் பருவம்.

ஏரி உறைந்த முதல் நாள்களில், கண்ணாடி போன்ற அந்தப் பனிக்கட்டியின்மேல் படுத்துக்கொண்டு அடியிலுள்ளதைப் பார்ப்பார். கட்டியின் அடியில் ஒட்டிய காற்றுக் குமிழிகள் ஒவ்வொன்றும் வெயிலைக் குவிக்கும் ஆடியாக வேலை செய்து கட்டியை உருக்குகின்றன என்று கண்டறிந்தார். 1847 மார்ச்சு 6-ஆம் நாள் ஏரிக்குள் வெப்பமானியை இறக்கினார். வால்டனின் நடுவில் 32 பாரன்ஹீட், கரையருகே 33. அருகிலிருந்த பிளின்ட் ஏரியில், ஓரடிக் கனமுள்ள கட்டிக்குக் கீழே, ஆழமில்லாத இடத்தில் 36. ஆழங்குறைந்த ஏரி முந்தி உருகுவதன் காரணம் அவருக்கு விளங்கியது. ஏரி முழுவதும் உறைந்த நாளையும், பனிக்கட்டி முற்றும் நீங்கிய நாளையும் ஆண்டுதோறும் குறித்து வைத்தார். 1845-இல் வால்டன் உறைந்தது டிசம்பர் 22 இரவு. பனி நீங்கியது 1846-இல் மார்ச்சு 25, 1847-இல் ஏப்பிரல் 8, 1852-இல் ஏப்பிரல் 18. கைத்தடியில் அங்குலக் கோடு கீறி வைத்துக்கொண்டு, போகிற இடமெல்லாம் பனியின் ஆழத்தை அளந்தார். 1856 சனவரியில் தம் மேலங்கியில் விழுந்த பனித்துகள்களின் ஆறுமுனை வடிவங்களைக் கண்டு உள்ளம் பூரித்தார்.

ஆய்வுக்கூடத்தில் எண்களையே எழுதி எழுதி, எண் என்பது அழகுக்குப் பகை என்று நான் நினைக்கத் தொடங்கியிருந்த காலம் அது. தோரோவிடம் அந்தப் பகை இல்லை. அவருக்கு அளப்பதும் அன்பு செய்வதும் ஒன்று. விரும்பிய ஒன்றின் முன்தான் ஒருவன் குளிரில் கைவிறைக்க அத்தனை நேரம் நிற்பான்.

அந்த ஏரிக்கும் நம் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1846–47 குளிர்காலத்தில் நூறு தொழிலாளிகள் வந்து, பதினாறு நாள் வால்டனின் பனிக்கட்டியை அறுத்து மலைபோல் குவித்தார்கள். அந்நாளில் அவ்வட்டாரத்து ஏரிகளின் பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி, கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்னைக்கும் அனுப்பினார் டியூடர் என்ற வணிகர். அந்தக் கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்ததே ஐஸ் ஹவுஸ். இன்று அது விவேகானந்தர் இல்லம். வால்டனில் அறுத்த குவியலில் பெரும்பகுதி சந்தைக்குப் போகாமலே உருகி ஏரிக்குத் திரும்பியது என்பது வேறு கதை. ஆனால் தம் ஏரியின் நீரைச் சென்னை மக்கள் குடிப்பதாகத் தோரோ எண்ணி மகிழ்ந்தார். காலையில் கீதையைப் படித்துவிட்டு ஏரிக்கு நீர் மொள்ளப் போனவர் அவர். வால்டன் நீர் கங்கையோடு கலப்பதாகவும் கண்டார். திருவல்லிக்கேணியில் பலமுறை அக்கட்டடத்தைக் கடந்து போயிருக்கிறேன். அதற்குள் ஒரு குளிர்காலம் வைத்திருந்தார்கள் என்பதை அறியாமல்!

ஊரார் பார்வையில் தோரோ உருப்படாதவர். ஹார்வர்டில் படித்தவன் பனியில் சுற்றுகிறானே என்று பேசினார்கள். பிழைப்புக்கு நில அளவை செய்தார். களிமண் கலந்து தந்தையின் பென்சிலை மேம்படுத்தினார். 1849-இல் வெளிவந்த முதல் நூல், அண்ணனோடு சென்ற பயணத்தின் கதை, விற்கவில்லை. அச்சிட்ட 1000 படிகளில் 706 படிகள் அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. 1854-இல் வெளியான ‘வால்டன்’ பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. அவர் காலத்தில் மெல்லவே விற்றது. படித்து என்ன செய்யப் போகிறாய் என்று வீட்டிலிருந்து கடிதம் வரும் நம்மைப் போன்றவர்களுக்கு, இந்த 706 என்ற எண் நெஞ்சில் தைக்கும். சிறிது ஆறுதலும் தரும்.

அவர் விரும்பிய குளிரே அவருக்கு முடிவையும் கொண்டுவந்தது. 1860 டிசம்பர் 3-ஆம் நாள், கடுங்குளிரில், வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளில் வளையங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அன்று பிடித்த சளி, உடலில் முன்பே இருந்த காசநோயைக் கிளப்பிவிட்டது. பிறகு அவர் தேறவில்லை. 1861 நவம்பர் 3-ஆம் நாள், இருபத்து நான்கு ஆண்டுகளாக எழுதிவந்த நாட்குறிப்பில் கடைசிப் பகுதியை எழுதினார். சாவைப் பற்றியதன்று அது. முந்திய இரவு கிழக்கிலிருந்து வீசிய புயல்மழை, இரயில் பாதையின் சரளையில் விட்டுச்சென்ற கோடுகளைப் பற்றியது. மழை எத்திசையிலிருந்து வந்தது என்பதை அக்கோடுகளைக் கொண்டு மிக நுட்பமாகச் சொல்லிவிடலாம் என்று குறித்தார். 1862 மே 6-ஆம் நாள் காலமானார், வயது 44.

வேலையற்றவனின் வீண்வேலை என்று ஊரார் எண்ணிய குறிப்புகள் என்ன ஆயின? நம் நூற்றாண்டில் பாஸ்டன் பல்கலைக்கழகத்து அறிஞர் ரிச்சர்டு பிரிமாக்கும் அவர் குழுவினரும் அவற்றை எடுத்து, இன்றைய நிலையோடு ஒப்பிட்டார்கள். கான்கார்டின் காட்டுப் பூக்கள் தோரோ காலத்தைவிடச் சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூக்கின்றன. வால்டனின் பனிக்கட்டி இரு வார அளவு முந்தி நீங்குகிறது. பூமி சூடேறுவதற்கு அவர் குறிப்புகள் சான்று பகர்கின்றன. அவர் நேசித்த குளிர்காலம் சுருங்கி வருகிறது என்பதை, அவர் அன்போடு எழுதி வைத்த எண்களே நமக்குச் சொல்கின்றன.

இதைப் படித்து முடித்த மறுநாள் விடியலில் நான் ஹீட்டரை அணைத்துவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு, வளாகத்துக்கு அப்பாலுள்ள வயல்வெளிக்குப் போனேன். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கடுகுப் பூக்களின் மஞ்சள் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. காதோரம் பனி சொட்டும் ஓசை கேட்டது. வெப்பநிலையையும் மூடுபனி விலகிய நேரத்தையும் ஒரு சிறு ஏட்டில் குறித்துக்கொண்டு திரும்பினேன். அன்று முதல் அந்த ஏடு வளர்ந்து வருகிறது. குளிர் எனக்கு இன்னும் குளிராகத்தான் இருக்கிறது. ஆனால் தண்டனையாக இல்லை. தோழர்களே, நாளை விடியலில் உங்கள் சன்னலையும் சற்றே திறந்து பாருங்கள். கூட வருவதற்கு ஆள் வேண்டுமானால் என் அறைக் கதவைத் தட்டுங்கள்.